பயிற்சி, சான்றிதழ், விருது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி அடிபடும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றைப் பயிற்சிக்குப் போன ஆசிரியராக நானே கேட்டிருக்கிறேன். சிலவற்றைப் பின்னாளில் பயிற்சி நடத்தும் கருத்தாளராகப் போனபோது மற்ற ஆசிரியர்கள் என்னிடம் கேட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் எதிர்பார்க்காதீர்கள்.

பணித்திறன் வளர்ச்சி என்றால் பயிற்சி வகுப்புக்குப் போவதுதானே?

அதுவும் ஒன்று, அவ்வளவுதான். திருத்திக்கொண்டிருக்கும் நோட்டுகளில் பத்துப் பேர் ஒரே மாதிரி தப்பு செய்திருப்பதைக் கவனித்து, 'இது எங்கிருந்து வந்தது?' என்று யோசிப்பதும் பணித்திறன் வளர்ச்சிதான். பக்கத்து வகுப்பில் ஒரு பீரியட் போய் உட்கார்வதும், போன வருடப் பாடக்குறிப்பை எடுத்து அதில் வேலைக்கு ஆகாததை அடித்துவிட்டு எழுதுவதும் அதில் சேரும். ஆனால் இவற்றுக்கெல்லாம் வருகைப் பதிவேடு கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கணக்கில் காட்ட முடிந்தது பயிற்சி வகுப்பு ஒன்றுதான் என்பதால், அந்தச் சொல்லே பயிற்சி வகுப்பு என்று சுருங்கிவிட்டது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. போன மாதம் வகுப்பில் செய்யாத ஏதோ ஒன்றை இந்த மாதம் செய்கிறேனா, அதனால் பிள்ளைகளிடம் ஏதாவது மாறியதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் வளர்ச்சி. இல்லையென்றால், கையில் சான்றிதழ் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம்.

எத்தனையோ பயிற்சிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து வகுப்பில் ஒன்றும் மாறவில்லை. தப்பு என்னுடையதா?

பெரும்பாலும் இல்லை. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1980களில் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் கற்றது வகுப்பறைக்குப் போய்ச் சேர என்னென்ன வேண்டும் என்று அவர்கள் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் கருத்தைக் கேட்க வேண்டும். பிறகு யாராவது அதைச் செய்து காட்ட வேண்டும். அப்புறம் நாமே செய்து பார்த்து, எப்படிச் செய்தோம் என்று ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும். கடைசியாக, நம் சொந்த வகுப்பில் அதை முயலும்போது சில வாரங்களுக்குக் கூடவே ஒருவர் துணையிருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படி இல்லாவிட்டால் முன்னால் நடந்ததெல்லாம் பெரும்பாலும் வகுப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது. நாம் போகிற பயிற்சிகள் எந்தப் படியோடு முடிகின்றன என்று நினைத்துப் பாருங்கள். கேட்கிறோம், நல்ல கருத்தாளர் வாய்த்தால் கொஞ்சம் பார்க்கிறோம், சாப்பாட்டுக்குப் பிறகு கலைந்துவிடுகிறோம்.

இன்னொரு காரணம், அளவு. நன்னூல், ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு உவமை சொல்லும்போது கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் காட்டுகிறது. போட்ட வரிசையில் ஒவ்வொன்றாக வராமல் எல்லாம் முன்பின்னாக ஒரேயடியாகக் கொட்டும் குடம் அது. இரண்டே நாளில் ஒரு டஜன் தலைப்புகளை முடிக்கிற பயிற்சி அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் வரும். கற்றதைத் திரும்ப எடுத்துப் பார்க்காவிட்டால் எவ்வளவு வேகமாக மறந்துபோகும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே தன் மேல் சோதனை செய்து எழுதிவிட்டார். பிள்ளைகளுக்கு மீள்பார்வை வைக்கிற நாம், நமக்கு மட்டும் ஒரு தடவை கேட்டால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நல்ல பயிற்சியை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைப்பில் நீங்கள் எடுக்கிற பாடம் இருக்கிறதா என்று பாருங்கள். 'புதுமையான கற்பித்தல் முறைகள்' என்று பொதுவாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். 'தசம எண்களில் பிள்ளைகள் செய்யும் தவறுகள்' என்று இருந்தால் பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

காரணம் இதுதான். பாடத்தைத் தெரிந்துவைத்திருப்பது ஓர் அறிவு. வகுப்பை நடத்தத் தெரிவது இன்னோர் அறிவு. இந்த இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது ஆசிரியருக்கு மட்டுமே உரியது என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதினார். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், வகுப்பில் சிலராவது 0.35 என்பார்கள். 4-ஐ விட 35 பெரியது, அதனால் அப்படி. கணிதம் படித்த எவருக்கும் சரியான விடை தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் சொல்கிறாள், அடுத்து எந்த எண்ணைக் கொடுத்தால் அவளே தன் தவறைக் கண்டுபிடிப்பாள் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். அந்த அறிவை வளர்க்கிற பயிற்சிதான் நல்ல பயிற்சி. மற்றதெல்லாம் சொற்பொழிவு. சில சொற்பொழிவுகள் கேட்க நன்றாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை.

அப்புறம், ஏற்பாட்டாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முயன்று பார்த்துவிட்டு வந்தபின் இரண்டாவது சந்திப்பு உண்டா?" பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி தேவை?

சிங்கப்பூரில் ஆசிரியர்கள் ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை குறைந்தது 50 மணி நேரம் என்கிறது. ஒன்று ஆசிரியருக்குக் கொடுத்த உரிமை, மற்றது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. அந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். மணிக்கணக்கு நிர்வாகத்துக்குத் தேவைப்படும். வகுப்புக்கு அது பெரிதாக எதையும் சொல்லாது.

யாருடைய உதவியும் இல்லாமல் நானே தொடங்கக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. ஒரு பீரியடை உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும், அதுவும் நீங்கள் மட்டுமே கேட்பதற்கு. வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். முதல் தடவை நான் கேட்டபோது பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். எப்போதும் பிள்ளைகளைப் பேசவைக்கிற ஆசிரியர் என்றுதான் என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவில் என் குரல்தான் ஓடிக்கொண்டே இருந்தது. கேள்வி கேட்டதும் நான், பதில் சொன்னதும் நான். நடுவில் இரண்டு 'ஆமாம் சார்'.

எதைக் கவனிப்பது என்று தெரியாவிட்டால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? அமெரிக்காவில் அறிவியல் கல்வியை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் காட்டினார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, 'தெரியாது' என்பது குறைந்தது, கேட்காமலேயே பேச முன்வரும் பிள்ளைகள் கூடினார்கள். மூன்று நொடி என்பது சொல்லத்தான் சின்னது. வகுப்பு முழுக்க உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மனதுக்குள் எண்ணிக்கொள்வேன். இன்றைக்கும் சில நாள் இரண்டிலேயே வாய் திறந்துவிடுகிறேன்.

இதற்குச் செலவில்லை, சுற்றறிக்கை தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பள்ளியில் ஒலிப்பதிவுக்குத் தடை இருந்தால் மட்டும், பின்வரிசையில் ஒரு சக ஆசிரியரை உட்காரவைத்துக் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

சக ஆசிரியரை வகுப்பில் உட்காரவைத்தால் குறை சொல்ல மாட்டாரா?

பயம் நியாயமானதுதான். நம்மில் பலருக்கு வகுப்பில் வேறொரு பெரியவர் வந்து உட்கார்ந்தாலே அது ஆய்வுதான், விசாரணைதான். அந்தப் பழக்கம் உடைய நாளாகும்.

ஜப்பானில் இதற்கு நூறு ஆண்டுக்கும் மேலான ஒரு வழி இருக்கிறது. ஜுக்யோ கென்க்யூ என்பார்கள், பாட ஆய்வு என்று சொல்லலாம். ஒரே பாடத்தை எடுக்கும் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடவேளையைத் திட்டமிடுகிறார்கள். எந்த உதாரணம், எந்த எண், கரும்பலகையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது வரை பேசுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். கவனியுங்கள், ஆசிரியரைப் பார்ப்பதில்லை. மூன்றாவது வரிசைப் பையன் எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தான், எந்தக் கேள்விக்குப் பிறகு அந்தக் குழு பேச ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசி, திட்டத்தைத் திருத்துகிறார்கள். 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகுதான் வெளிநாடுகளில் பரவலாகப் பேச்சு எழுந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, பாடம் எல்லோருடையது என்பது. சொதப்பினால் திட்டம் சொதப்பியது. நடத்தியவர் தலைகுனிய வேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் முதல் முறை செய்தபோது, நாங்கள் நால்வரும் மிகவும் ரசித்துத் தேர்ந்தெடுத்த ஓர் உதாரணம் பிள்ளைகளில் ஒருவருக்கும் புரியவில்லை. நால்வரும் சேர்ந்து சிரித்தோம். தனியாக நடத்தியிருந்தால் 'இந்த வருட செட்டு மந்தம்' என்று எழுந்து போயிருப்பேன்.

வந்து உட்கார்கிறவருக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், தீர்ப்பு கூடாது. "கடைசி வரிசை ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை" என்பது பார்த்தது. "உங்களுக்குக் கடைசி வரிசை மேல் அக்கறை இல்லை" என்பது சண்டைக்கு வழி.

தலைமையாசிரியர் வகுப்பைப் பார்வையிடுவதும் இதே மாதிரிதானா?

இல்லை. அது மதிப்பீடு, இது உதவி. இரண்டும் தேவை. ஆனால் ஒரே படிவத்தில் இரண்டையும் எழுதத் தொடங்கினால், எல்லோரும் அன்றைக்கு மட்டும் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்துவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடியாத இடத்தில் எதைக் கற்றுக்கொள்வது?

ஆன்லைன் படிப்புகள் பயனுள்ளவையா?

பாட அறிவைப் புதுப்பித்துக்கொள்ள நல்லவை. நள்ளிரவிலும் படிக்கலாம், நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். ஆனால் வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமையல் செய்து, கடைசியில் வினாடி வினாவை மூன்று தடவை முயன்று சான்றிதழ் வாங்குவது எல்லோரும் அறிந்த ரகசியம். அதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எண்ணிக்கை கேட்கிற இடத்தில் எண்ணிக்கைதான் கிடைக்கும். படிப்பதாக இருந்தால் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே படிப்பைப் படியுங்கள். வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசினால் போதும்.

இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம். இனிமேல் எனக்கு என்ன பயிற்சி?

உங்களுக்குத் தேவைப்படுவதைவிட உங்களிடமிருந்து மற்றவர்களுக்குத் தேவைப்படுவது அதிகமாக இருக்கலாம். எந்தப் பாடத்தில் எந்த வரியில் பிள்ளைகள் தடுக்குவார்கள் என்று உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமிருக்காது. நன்னூல் சொல்லும் இன்னோர் உவமை பருத்தி அடைத்த குண்டிகை, அதாவது கமண்டலம் போன்ற பாத்திரம். உள்ளே திணிப்பதும் கஷ்டம், அதிலிருந்து வெளியே எடுப்பதும் கஷ்டம். அனுபவசாலிகளில் பலர் கஞ்சத்தனத்தால் அப்படி ஆவதில்லை. யாரும் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஒரு வருடம் துணையிருங்கள். "ஏன் சார் இந்தக் கணக்கை முதலில் போட்டீங்க?" என்று அவர் கேட்கும்போதுதான் அதற்குக் காரணம் இருக்கிறதா, வெறும் பழக்கமா என்று உங்களுக்கே தெரியும். சில கேள்விகளுக்குப் பதில் வராது. அதுதான் உங்களுக்கான பயிற்சி.

விருதுக்கு நாமே விண்ணப்பிப்பது அசிங்கமில்லையா? தகுதி இருந்தால் தேடி வராதா?

தேடி வராது. தேர்வுக் குழுவுக்கு உங்கள் வகுப்பு தெரியாது. முன்னால் வந்த கோப்புதான் தெரியும். விண்ணப்பிப்பதைத் தற்பெருமை என்று நினைக்காதீர்கள். செய்த வேலைக்குக் கணக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். விருது கிடைக்காவிட்டாலும் அந்தக் கணக்கு உங்களுக்கே உதவும்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்? மாலை போட்ட படங்களும் செய்தித்தாள் நறுக்குகளும் எல்லோருடைய கோப்பிலும் இருக்கும். அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய தேசிய ஆசிரியர் தர வாரியம், அனுபவமுள்ள ஆசிரியர்கள் விரும்பிப் போய்ப் பெறுகிற ஒரு சான்றிதழைக் கொடுக்கிறது. அதற்கு வகுப்பு நடத்தும் வீடியோ, மாணவர்களின் வேலைகள், அவற்றைப் பற்றி ஆசிரியரே எழுதும் அலசல் எல்லாம் கேட்கிறார்கள். அதே பாணியில் யோசியுங்கள். ஒரே பிள்ளையின் ஜூன் மாத நோட்டுப் பக்கம், அதே பிள்ளையின் டிசம்பர் பக்கம், நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அரைப் பக்கம். இது பத்துப் புகைப்படத்தைவிடக் கனமானது. ஒரு முயற்சி தோற்றதையும் எழுதுங்கள். கோப்புகளைப் படித்துப் படித்துச் சலித்த ஒருவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுவாகத்தான் இருக்கும். எல்லாத் தாளிலும் தேதி வேண்டும். பிள்ளைகளின் பெயரை மறைத்துவிடுங்கள்; முகம் தெரியும் படமென்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் காலத்தில் உட்கார்ந்து இதைத் திரட்ட முடியாது. மாதம் ஒரு தாள் என்று போட்டுவைத்தால்தான் உண்டு.

எனக்குக் கிடைக்கவில்லை. என்னைவிடக் குறைவாக உழைத்தவருக்குப் போய்விட்டது. எப்படி எடுத்துக்கொள்வது?

வலிக்கும். வலிக்கவில்லை என்று நடிக்க வேண்டியதில்லை. எனக்கும் ஒருமுறை நடந்தது. அந்த விழாவுக்குப் போய்க் கை தட்டிவிட்டு, திரும்பும் வழியில் யாரோடும் பேசவில்லை.

பின்னால் யோசித்தபோது ஒன்று புரிந்தது. கண்ணில் படுகிற வேலைக்குத்தான் விருது எளிதில் சேருகிறது. முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தவருடைய உழைப்பு, பத்தாம் வகுப்பு ஆசிரியரின் தேர்ச்சி விழுக்காட்டில் கரைந்து கிடக்கிறது. அதை யார் பிரித்து எடுப்பது? உலக ஆசிரியர் பரிசு என்று வார்க்கி அறக்கட்டளை கொடுக்கும் பரிசு 10 லட்சம் டாலர். 2020-இல் அதை வென்ற மகாராஷ்டிர ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே, பரிசில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்கும் பிரித்துக் கொடுப்பதாக அறிவித்தார். பத்துப் பேரில் ஒருவரை மட்டும் மேடையேற்றுவதில் இருக்கிற சங்கடம் வென்றவருக்கும் தெரிந்திருக்கிறது.

நல்ல தேர்ச்சிக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் ஆசிரியர்கள் நன்றாகக் கற்பிப்பார்களா?

சோதனைகள் ஒரே பதிலைத் தரவில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை ஊக்கத்தொகை வைத்துப் பார்த்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மாணவர்களின் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆனால் ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புறப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில் மதிப்பெண் உயர்ந்தது. 2011-இல் வெளியான அந்த ஆய்வில், ஊக்கத்தொகை வைக்காத பாடங்களிலும் உயர்வு தெரிந்தது.

என் கருத்து: ஆசிரியர் முயலாமல் இருப்பதுதான் பிரச்சினை என்றால் பணம் உதவலாம். ஏற்கெனவே முயன்றுகொண்டிருப்பவருக்கு எப்படிச் செய்வது என்று தெரியவில்லை என்றால், பணம் அதைச் சொல்லிக்கொடுக்காது.

விருதும் பணமும் இல்லாமல் பள்ளி எப்படிப் பாராட்டலாம்?

பார்த்ததைச் சொல்லிப் பாராட்டலாம். "நல்லா பண்றீங்க" என்பது வணக்கம் சொல்வது மாதிரி. "நேற்று அந்தப் பெண் தப்பாகச் சொன்னதும் அதையே பலகையில் எழுதி எல்லோரையும் யோசிக்கவைத்தீர்களே" என்று ஒருவர் சொன்னால், அவர் வகுப்பைக் கடந்துபோகும்போது நின்று கேட்டிருக்கிறார் என்று தெரியும். அந்த வாக்கியம் பல வருடம் நினைவிருக்கும்.

அதைவிடப் பெரிய பாராட்டு ஆலோசனை கேட்பது. புதிய பாடத்திட்டம் வந்தால், நன்றாகச் செய்கிறவரை அழைத்து 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேளுங்கள். நேரமும் கொடுங்கள். இங்கே பள்ளிகள் வழக்கமாக ஒரு தவறு செய்கின்றன: நன்றாக வேலை செய்கிறவருக்குப் பரிசாகக் கூடுதல் வேலை. விழா ஏற்பாடு அவர், புள்ளிவிவரம் அவர், போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதும் அவர். கடைசியில் அவர் வகுப்பில்தான் ஆசிரியர் இருப்பதில்லை.

ஆசிரியர் தினம் கொண்டாடுவதே ஒரு பாராட்டுதானே?

ஒரு நாள் சந்தோஷம், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5-இல் வருவதற்குக் காரணம் தெரிந்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். 1966-இல் அதே தேதியில் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை பற்றிய பரிந்துரையை ஏற்றன. அதில் சம்பளம், வேலை நேரம், பணியிடைக் கல்வி, உரிமைகள் எல்லாம் இருந்தன. 1994 முதல் அந்த நாளைக் கொண்டாடுகிறோம். பூங்கொத்து பின்னால் வந்து சேர்ந்தது.

எல்லாம் சரி. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

இந்தக் கேள்வி ஆசிரியருக்கானதல்ல, நேர அட்டவணை போடுகிறவருக்கானது. ஒரே பாடம் எடுக்கும் இரண்டு பேருக்கு வாரத்தில் ஒரு பீரியடாவது சேர்ந்தாற்போல் காலியாக இருக்கும்படி அட்டவணையைப் போடுங்கள். யாராவது விடுப்பு எடுத்தால் முதலில் பறிபோவதும் அந்தப் பீரியடாகத்தான் இருக்கும். அதனால் அதை 'காலி' என்று எழுதாமல், பாடவேளை போலவே பெயர் போட்டு எழுதுங்கள். நாங்கள் 'பாட ஆய்வு' என்று எழுதினோம். அதன் பிறகும் இரண்டு தடவை பறித்தார்கள். மூன்றாவது தடவை வந்தவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்.